16 சிலிண்டர் கார்! கோடீசுவரர்களுக்காகப் பிறந்த எஞ்சின் ஏன் மறைந்தது?

1930-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி. அமெரிக்காவில் நியூயார்க் நகரில் மோட்டார் கண்காட்சி. அங்கே ஒரு புதிய கார் வைக்கப்பட்டு இருந்தது. "காடிலாக்" கம்பெனி செய்த கார் அது.

அந்தக் காரின் எஞ்சினில் எத்தனை சிலிண்டர் தெரியுமா? பதினாறு!

அப்போது சாதாரண ஜனங்கள் ஓட்டிய போர்டு காரில் 4 சிலிண்டர்தான் இருந்தது. வசதி உள்ளவர்களின் காரில் 6 இருக்கும். பெரிய பணக்காரர்களின் காரில் 8 இருக்கும். பதினாறு என்பதைக் கேட்டு மோட்டார் உலகமே வியந்தது.

விலையும் அப்படித்தான். மிகக் குறைந்த விலையே 5,350 டாலர். அதே ஆண்டில் திறந்த போர்டு கார் ஒன்றை 435 டாலருக்கு வாங்கலாம். அதாவது, ஒரு 16 சிலிண்டர் காரின் விலைக்கு ஒரு டஜன் போர்டு கார்கள்!

ஆனால் அந்தக் கார் பிறந்த நேரம்தான் சரி இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன்புதான், 1929-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், நியூயார்க் பங்கு மார்க்கெட் படுத்துவிட்டது. காலையில் லட்சாதிபதியாக இருந்தவர், மாலையில் கடன்காரர் ஆனார். அந்த இடிபாட்டின் நடுவில் வந்து நின்றது, உலகத்தின் ஆடம்பரமான எஞ்சின்.

அதற்குப் பத்தே ஆண்டுதான் ஆயுள். 1940-ம் ஆண்டோடு அது மறைந்தது.

வறுமைதான் அதைக் கொன்றது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி இன்னும் சுவையானது.

உரலும் உலக்கையும்

முதலில் ஒரு கேள்வி. ஒரு காருக்கு எதற்காக இத்தனை சிலிண்டர்?

சிலிண்டர் என்பது குழாய் போன்ற ஒரு கூடு. அதை உரல் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதற்குள் மேலும் கீழும் போய் வரும் பிஸ்டன்தான் உலக்கை. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வரும். பிஸ்டன் அதை அழுத்தும். மின்பொறி தட்டும். கலவை தீப்பற்றிப் படீர் என்று விரியும். அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். அந்தத் தள்ளல், அடியில் உள்ள இரும்புத் தண்டைச் சுழற்றும். இந்தத் தண்டுக்கு "கிராங்க் ஷாப்ட்" என்று பெயர். அது சுழன்றால் சக்கரம் சுழலும்.

இனி, ஒரு வீட்டு முற்றத்தில் நெல் குத்துவதை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி மட்டும் கனமான உலக்கையால் குத்துகிறாள். "தொம்... தொம்..." என்று சத்தம் வரும். ஒவ்வொரு குத்துக்கும் தரை அதிரும். நடுவில் இடைவெளி இருக்கும்.

அதே வேலையை நான்கு பெண்கள், நான்கு சிறிய உலக்கைகளால், மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். இப்போது சத்தம் சிறியது. இடைவெளி குறைவு. தரை அவ்வளவாக அதிராது. ஆனால் குத்தி முடிக்கும் நெல்லின் அளவு குறையாது.

எஞ்சினிலும் இதே கதைதான். 4 சிலிண்டர் எஞ்சினில், ஷாப்ட் ஒரு சுற்று சுற்றுவதற்குள் 2 வெடிப்பு நடக்கும். 8 சிலிண்டரில் 4 வெடிப்பு. 16 சிலிண்டரில் 8 வெடிப்பு! ஒரு தள்ளல் ஓய்வதற்குள் அடுத்த தள்ளல் வந்துவிடும். கார் குலுங்காது. தண்ணீரில் படகு போவதுபோல் போகும்.

அந்தக் காலத்துப் பணக்காரர்கள் விரும்பியது வேகத்தை மட்டும் அல்ல. அமைதியைத்தான் அவர்கள் அதிகம் விரும்பினார்கள். கார் ஓடுவதே தெரியக்கூடாது. உள்ளே பேசுவது காதில் விழ வேண்டும். டிரைவர் அடிக்கடி கியர் மாற்றக் கூடாது. பழைய கார்களில் கியர் மாற்றும்போது பற்கள் ஒன்றோடு ஒன்று உரசி அலறும். ஆகவே, நடக்கும் வேகத்தில் இருந்து பறக்கும் வேகம் வரை ஒரே கியரில் இழுக்கும் எஞ்சின் வேண்டும் என்றார்கள்.

சிலிண்டர் போட்டி

இந்தப் போட்டியை அமெரிக்காவில் சூடு பிடிக்க வைத்தது காடிலாக் கம்பெனிதான். 1914-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அது 8 சிலிண்டர் காரை அறிவித்தது. கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்ட். ஒரு தலைமயிர் அளவு பிசகினாலும் பொறுக்காத தொழில் நிபுணர் அவர்.

எட்டு சிலிண்டரையும் அவர் வரிசையாக நிறுத்தவில்லை. பக்கத்துக்கு நான்காக இரண்டு வரிசை ஆக்கினார். இரண்டு வரிசையும் அடியில் சேர்ந்து மேலே விரிந்து நிற்கும். சிறுவர்கள் கையில் வைத்திருக்கும் உண்டிவில் கவட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதே வடிவம்தான். ஆங்கில "வி" எழுத்தும் இதே உருவத்தில் இருப்பதால், இதற்கு "வி-8" என்று பெயர் வந்தது. எட்டு பிஸ்டன்கள் இருந்தும் ஷாப்ட் நீளம் நான்கு சிலிண்டருக்கு உரியதுதான்.

வி-8 எஞ்சினை உலகில் முதலில் செய்தது காடிலாக் அல்ல. பிரான்சு நாட்டில் "டி தியோன்" கம்பெனி 1910-ம் ஆண்டிலேயே விற்றது. ஆனால் ஆயிரக்கணக்கில் செய்து, நம்பி ஓட்டக்கூடியதாக ஆக்கியது காடிலாக்.

போட்டிக் கம்பெனியான "பேக்கார்டு" சும்மா இருக்குமா? அடுத்த ஆண்டே, 1915-ல், 12 சிலிண்டர் காரைக் கொண்டு வந்தது. ஆறு ஆறாக இரண்டு வரிசை. அதனால் அதற்கு "இரட்டை ஆறு" என்று பெயர் வைத்தார்கள். எஞ்சினை அமைத்தவர் ஜெஸ்ஸி வின்சென்ட். 1923-ம் ஆண்டுக்குள் 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட "இரட்டை ஆறு" கார்கள் விற்றன.

1921-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி, வாரன் ஹார்டிங் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். அதுவரை ஜனாதிபதிகள் பெரும்பாலும் குதிரை வண்டியில்தான் பதவி ஏற்கப் போவார்கள். முதன்முதலாக மோட்டார் காரில் போனவர் ஹார்டிங். அவர் ஏறிப் போனது பேக்கார்டின் "இரட்டை ஆறு" காரில்தான்!

நீள மூக்குக் கார்கள்

1920-ம் ஆண்டுகளில் இன்னொரு வடிவம் புகழ் பெற்றது. எட்டு சிலிண்டர்களையும் ஒரே வரிசையில் நிறுத்துவது அது. பந்தியில் எட்டுப் பேரை ஒரே இலை வரிசையில் உட்கார வைப்பது போல! இதை "நேர் எட்டு" எஞ்சின் என்பார்கள். 12 சிலிண்டருக்குப் பிறகு பேக்கார்டு கம்பெனியும் இந்த வழிக்கே வந்தது.

இதனால் கார்களின் மூக்கு நீண்டது. நீண்ட மூக்கே அந்தஸ்தின் அடையாளம் ஆனது. பெரிய வீட்டின் வாசலில் கார் திரும்பும்போது, முதலில் மூக்கு வரும். வெகுநேரம் கழித்து முதலாளி வருவார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

"நேர் எட்டு" எஞ்சின்களில் ராஜா என்று "டியூசன்பர்க்" காரைச் சொல்ல வேண்டும். 1928-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அதன் "ஜே" மாடல் வெளிவந்தது. 265 குதிரை சக்தி என்று கம்பெனி அறிவித்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் 4 வால்வுகள். பந்தயக் கார்களில் இருந்த வேலைப்பாடு அது. வெறும் அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டும் 8,500 டாலர்! மேல்கூடு கட்டும் செலவு தனி.

சினிமா நட்சத்திரங்களும் மகாராஜாக்களும் அதை வாங்கினார்கள். இந்தூர் மகாராஜா ஹோல்கரிடம் ஒன்று இருந்தது. ஹாலிவுட் நடிகர்கள் கேரி கூப்பர், கிளார்க் கேபிள் இருவருக்கும் குட்டையான தனி மாடல் ஒன்று செய்யப்பட்டது. அந்த மாடலில் உலகத்தில் இரண்டே கார்கள்தான். கேரி கூப்பர் வைத்திருந்த கார் 2018-ம் ஆண்டில் ஏலத்துக்கு வந்தது. 2 கோடியே 20 லட்சம் டாலருக்குப் போயிற்று!

ஆனால் "நேர் எட்டு" எஞ்சினுக்கு ஒரு பலவீனம் உண்டு. துவைத்த ஈர வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையில் பிடித்து முறுக்குவார்கள் அல்லவா? நீளமான ஷாப்டும் அப்படி முறுக்கு வாங்கும். ஒரு முனையில் ஒரு பிஸ்டன் தள்ளும். மறு முனையில் இன்னொன்று தள்ளும். நடுவில் உள்ள இரும்பு நடுங்கும். வேகம் கூடக் கூட நடுக்கம் கூடும். அதை அடக்க ஷாப்டைத் தடிமனாகச் செய்ய வேண்டும். எடை ஏறும்.

இரகசியமாகச் செய்த 16

இந்த நிலைமையில்தான் காடிலாக் கம்பெனி 16 சிலிண்டர் எஞ்சினில் இறங்கியது. அமெரிக்காவில் பணம் பெருகி ஓடிய காலத்திலேயே அதற்கான வேலை தொடங்கிவிட்டது. எஞ்சினை அமைத்தவர் ஓவன் நாக்கர். வெளியில் தெரியாமல் இருக்க, "இது லாரிக்கும் பஸ்சுக்குமான எஞ்சின்" என்று வரைபடங்களில் எழுதி வைத்தார்கள் என்று சொல்லப்படுவது உண்டு.

எட்டு எட்டாக இரண்டு வரிசை. இரண்டுக்கும் தனித்தனிக் கார்புரேட்டர். இரண்டு "நேர் எட்டு" எஞ்சின்கள் ஒரே ஷாப்டைப் பிடித்துச் சுற்றுவது போன்ற அமைப்பு.

இரண்டு வரிசைகளுக்கும் நடுவே 45 பாகை கோணம். இந்த 45 எப்படி வந்தது? கணக்கு எளிதுதான். ஷாப்ட் இரண்டு சுற்று சுற்றினால் எல்லா சிலிண்டரும் ஒரு முறை வெடித்து முடிக்கும். இரண்டு சுற்று என்பது 720 பாகை. அதை 16-ஆல் வகுத்தால் 45. அதாவது 45 பாகைக்கு ஒரு வெடிப்பு. வரிசையின் கோணமும் வெடிப்பின் கோணமும் ஒன்றாக இருந்தால், தாளம் தப்பாது. இதேபோல் 12 சிலிண்டருக்கு 60 பாகை. 8 சிலிண்டருக்கு 90 பாகை.

எஞ்சினின் உள் அளவு 452 கன அங்குலம். அதாவது ஏறக்குறைய 7.4 லிட்டர். இன்று ஓடும் சின்னக் கார்கள் பலவற்றின் எஞ்சின் 1 லிட்டர் அளவுதான். இதன் சக்தி 165 குதிரை சக்தி.

ஒவ்வொரு வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சிறிய சந்து இருக்கும். அந்தச் சந்தால்தான் பழைய எஞ்சின்கள் "டிக் டிக்" என்று சத்தம் போட்டன. காடிலாக்கில் எண்ணெயின் அழுத்தத்தால் அந்தச் சந்தை அடைத்தார்கள். சத்தம் நின்றது.

எஞ்சினுக்கு அழகும் செய்தார்கள்! ஒயர்களும் குழாய்களும் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டன. கறுப்பு எனாமலும் பளபளக்கும் உலோகமுமாக, நகைப் பெட்டியைப்போல் இருந்தது எஞ்சின்.

முதல் ஆண்டில் 2,000 கார்களுக்கு மேல் விற்றன. பங்கு மார்க்கெட் விழுந்தும் கையில் பணம் மிஞ்சி இருந்தவர்கள் வாங்கினார்கள். பிறகு?

பட்டினி ஊர்வலம்

பிறகு வந்தது பஞ்சம். மழை பொய்த்து வந்த பஞ்சம் அல்ல. பணப் பஞ்சம்.

1929-ம் ஆண்டில் அமெரிக்காவில் கார்களும் லாரிகளுமாக 53 லட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. 1932-ம் ஆண்டில் வெறும் 13 லட்சம்! 1933-ல் நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. இலவச ரொட்டிக்காகத் தெருவில் வரிசையாக நின்றார்கள்.

கார் தொழிலின் தலைநகரமான டெட்ராயிட்டில் நிலைமை இன்னும் மோசம். 1932-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி, வேலை இழந்தவர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். போர்டு தொழிற்சாலைக்குப் போய் வேலை கேட்பது அவர்கள் நோக்கம். போலீசாரும் தொழிற்சாலைக் காவலர்களும் சுட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். காயம் அடைந்த இன்னொருவர் பிறகு இறந்தார். கார் செய்யத் தெரிந்த கைகளுக்குச் சோறு இல்லை!

இந்த நேரத்தில் 16 சிலிண்டர் காரை யார் வாங்குவார்கள்? பணம் இருந்தவர்கள்கூட, பசித்தவர்கள் பார்க்கும்படி அதில் போகக் கூசினார்கள்.

1933-ம் ஆண்டில் "400 கார்களுக்கு மேல் செய்ய மாட்டோம்" என்று காடிலாக் அறிவித்தது. கிராக்கியை ஏற்றும் தந்திரம்! ஆனால் 130 கூடத் தேறவில்லை. சில ஆண்டுகளில், ஆண்டு முழுவதுக்கும் 50 கார்கள் விற்பதே பெரிய பாடாக இருந்தது. பத்து ஆண்டுகளில் மொத்தம் விற்றவை சுமார் 4,000 கார்கள். ஒவ்வொரு காரிலும் கம்பெனிக்கு நஷ்டம்தான் என்று சொல்வார்கள். ஆனாலும் காடிலாக் பிழைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெரிய மரத்தின் ஒரு கிளை அது.

தனிமரங்கள் சாய்ந்தன.

இண்டியானாபோலிஸ் நகரத்து "மார்மன்" கம்பெனி 16 சிலிண்டர் கார் ஒன்றைச் செய்தது. 200 குதிரை சக்தி. சுமார் 390 கார்கள் செய்வதற்குள் 1933-ல் கம்பெனி கடனில் மூழ்கியது. "பியர்லெஸ்" கம்பெனி ஒரே ஒரு 16 சிலிண்டர் காரை மாதிரிக்குச் செய்து பார்த்தது. அத்தோடு கார் தொழிலையே விட்டது. மதுவிலக்கு நீங்கியதும், அதே தொழிற்சாலையில் பீர் காய்ச்ச ஆரம்பித்தது!

"ஆபர்ன்" கம்பெனி வேறு வழியில் போனது. 1932-ம் ஆண்டில் 12 சிலிண்டர் காரை 1,000 டாலருக்கும் குறைவாக விற்றது. அதுவும் பலிக்கவில்லை. ஆபர்னும் டியூசன்பர்க்கும் ஒரே முதலாளியின் கீழ் இருந்தவை. 1937-ல் இரண்டும் மூடப்பட்டன. டியூசன்பர்க் காரை உருவாக்கிய பிரெட் டியூசன்பர்க் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. தன் கார் ஒன்றையே ஓட்டிச் சென்று விபத்தில் சிக்கி, 1932-ம் ஆண்டிலேயே இறந்து போனார்.

ஏழைக்கும் எட்டு சிலிண்டர்

பட்டினி ஊர்வலம் நடந்த அதே மாதம், 31-ந் தேதி, ஹென்றி போர்டு ஒரு புதிய காரை அறிவித்தார். அதில் இருந்தது வி-8 எஞ்சின். ஆரம்ப விலை 460 டாலர்!

பணக்காரர்களின் எட்டு சிலிண்டரை இந்த விலைக்கு எப்படிக் கொடுக்க முடிந்தது? அதுவரை பெரும்பாலான வி-8 எஞ்சின்களில் பல பகுதிகளைத் தனித்தனியாக வார்த்து, பிறகு சேர்த்து முடுக்குவார்கள். அதற்கு ஆள் கூலியும் நேரமும் அதிகம். போர்டின் ஆட்கள் இரண்டு வரிசையையும் ஒரே வார்ப்பாக வார்த்தார்கள். ஆரம்பத்தில் வார்ப்புகள் பல கெட்டுப் போயின. போர்டு விடவில்லை. பிறகு லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளினார். 65 குதிரை சக்தி உள்ள அந்த எஞ்சின், வி-8 என்பதைப் பணக்காரர்களின் தனிச்சொத்தாக இல்லாமல் செய்தது.

அதற்கு முந்திய ஆண்டில் கிரைஸ்லர் கம்பெனி இன்னொரு வித்தை செய்திருந்தது. அதன் மலிவான "பிளைமவுத்" காரில் 4 சிலிண்டர்தான். ஆனால் எஞ்சினைச் சட்டத்தில் இறுக்கி முடுக்காமல், ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார வைத்தார்கள். எஞ்சின் தன் இடத்திலேயே ஆடிக்கொள்ளும். அந்த ஆட்டம் காருக்கு வராது.

பாருங்கள்! குலுக்கத்தைப் போக்குவதற்காகப் பணக்காரக் கம்பெனிகள் சிலிண்டர்களை அடுக்கிக் கொண்டே போயின. கொஞ்சம் ரப்பர் அந்த வேலையில் பெரும் பகுதியைச் செய்துவிட்டது.

பெட்ரோல் செய்த மாயம்

16 சிலிண்டருக்குக் கடைசி அடி பெட்ரோலில் இருந்து வந்தது.

பழைய பெட்ரோல் தரம் குறைந்தது. சிலிண்டருக்குள் அதை அதிகம் அழுத்தினால், மின்பொறி தட்டிய தீ சீராகப் பரவாது. ஒரு பகுதி தானாகவே வெடித்து, "டங் டங்" என்று எஞ்சினை அடிக்கும். நாளடைவில் பிஸ்டனே உடையும். ஆகவே அழுத்தத்தைக் குறைவாக வைத்தார்கள். அழுத்தம் குறைந்தால் சக்தி குறையும். சக்தி வேண்டும் என்றால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரையும் பெரிதாக்கினால் குலுக்கம். எனவே சிலிண்டர் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்.

16 சிலிண்டர் என்பது வெறும் ஜம்பம் அல்ல. மட்டமான பெட்ரோலுக்கு விலை உயர்ந்த வைத்தியம் அது.

பெட்ரோல் நல்லதாக ஆனபோது, வைத்தியம் தேவை இல்லாமல் போயிற்று. 1949-ம் ஆண்டு மாடலாகக் காடிலாக் ஒரு புதிய வி-8 எஞ்சினைக் கொண்டு வந்தது. அளவு 331 கன அங்குலம். சக்தி 160 குதிரை சக்தி. முன்பு செய்த வி-8 எஞ்சினைவிட எடையில் சுமார் 200 ராத்தல் குறைவு.

1930-ம் ஆண்டு எஞ்சினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிலிண்டர் பாதி. அளவு முக்கால் பங்குக்கும் குறைவு. ஆனால் சக்தி ஏறக்குறைய அதேதான்!

"நேர் எட்டு" எஞ்சினும் இதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. அழுத்தம் கூடியபோது அதன் நீண்ட ஷாப்ட் இன்னும் அதிகமாக முறுக்கு வாங்கியது. குட்டையான வி-8 எஞ்சினுக்கு அந்தத் தொல்லை குறைவு. 1954-ம் ஆண்டோடு பேக்கார்டு "நேர் எட்டு" எஞ்சினைக் கைவிட்டது. 1958-ல் பேக்கார்டு என்ற பெயரே மறைந்தது. அமெரிக்காவின் பழைய 12 சிலிண்டர் கார்களில் கடைசியாக நின்றது லிங்கன். அதுவும் 1948-ம் ஆண்டோடு நின்றுவிட்டது.

ஈயத்தின் விலை

பெட்ரோல் எப்படி நல்லதாக ஆயிற்று? இந்தக் கதையின் கசப்பான பகுதி இது.

1921-ம் ஆண்டு டிசம்பரில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். அதில் ஈயம் இருந்தது. அதைக் கொஞ்சம் பெட்ரோலில் கலந்தால் "டங் டங்" சத்தம் நின்றது. 1923-ம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. பெட்ரோலைச் சுத்திகரிக்கும் முறைகளும் நாளுக்கு நாள் முன்னேறின. இரண்டும் சேர்ந்துதான் புதிய எஞ்சின்களுக்கு வழி திறந்தன.

ஆனால் ஈயம் விஷம். 1924-ம் ஆண்டு அக்டோபர் மாதம், நியூஜெர்சியில் அந்த மருந்தைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐந்து பேர் சித்தப் பிரமை பிடித்து இறந்தார்கள். அப்படியும் விற்பனை பல ஆண்டுகள் தொடர்ந்தது. புகையோடு ஈயம் தெருவில் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும் என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று.

அமெரிக்காவில் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் 1996-ம் ஆண்டில் முழுவதும் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 2000-ம் ஆண்டில் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ம் ஆண்டில் நிறுத்தியது. இன்று ஈயம் இல்லாமலே நல்ல பெட்ரோல் கிடைக்கிறது.

தீயணைக்கப் போன எஞ்சின்

பணக்கார எஞ்சின்கள் எல்லாம் என்ன ஆயின? காடிலாக்கின் 16 சிலிண்டர் கார்கள் இன்று பொருட்காட்சி சாலைகளிலும், பழைய கார் சேகரிப்பவர்களின் கொட்டகைகளிலும் இருக்கின்றன.

ஒரு எஞ்சினுக்கு வேறு விதி. பபலோ நகரத்தில் "பியர்ஸ் ஆரோ" என்று ஒரு கம்பெனி இருந்தது. ஆதியில் பறவைக் கூண்டும் சைக்கிளும் செய்த குடும்பம். பிறகு கோடீசுவரர்களுக்குக் கார் செய்தார்கள். அவர்களுடைய 12 சிலிண்டர் எஞ்சின் பெயர் பெற்றது. 1938-ல் கம்பெனி மூழ்கியது. அந்த எஞ்சினைச் செய்யும் உரிமையையும் கருவிகளையும் "சீகிரேவ்" என்ற தீயணைப்பு வண்டிக் கம்பெனி வாங்கியது. பல ஆண்டுகள் அதே அமைப்பில் எஞ்சின் செய்து, தீயணைப்பு வண்டிகளில் பொருத்தியது. சீமான்களைச் சுமக்கப் பிறந்த எஞ்சின், எரியும் வீடுகளுக்குத் தண்ணீர் இறைத்தது!

மற்ற எஞ்சின்கள் மறைந்தாலும், அவற்றுக்காகக் கண்டுபிடித்த வித்தைகள் மறையவில்லை. வால்வுச் சத்தத்தை எண்ணெயால் அடக்கும் முறை, கோடீசுவரர்களின் காடிலாக்கில் இருந்து சாதாரணக் கார்களுக்கு இறங்கி வந்தது. எஞ்சினுக்கு அடியில் ரப்பர் வைக்கும் முறை இன்று எல்லாக் கார்களிலும் உண்டு.

இன்று நம் தெருவில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் இருப்பது 3 சிலிண்டர்தான். அதில் ஒரு குடும்பம் ஏறிக்கொண்டு, குழந்தையை மடியில் தூங்க வைத்தபடியே ஊருக்குப் போய் வருகிறது. குழந்தை விழிப்பது இல்லை.

1930-ம் ஆண்டில் அந்த அமைதிக்கு 16 சிலிண்டரும் 5,350 டாலரும் தேவைப்பட்டன!